ஐந்தாவது ஆள்

வடையை எடுத்தாள். ஏற்றம் தொடங்கி நூறடிகூட ஆகவில்லை, சைக்கிள் கியரைக் குறைத்து மூச்சைச் சீராக்க வேண்டிய நேரம், நான் வடையை நினைத்துக்கொண்டு மிதிக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கோத்தகிரி மெஸ்ஸில் மூன்று இட்லியை முடித்துவிட்டு, என் தட்டிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்து, "உனக்கெதுக்கு யசோ எண்ணெய்ப் பலகாரம், ஏத்தத்துல நெஞ்சக் கரிக்கும்" என்று சொல்லி, என் சட்னியிலேயே தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள் வசந்தாமணியக்கா. எட்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு மணி நேரத்தில் வயிறு கெடாதா என்றால் கெடும். எனக்கே கெட்டிருக்கிறது. ஆனால் மீதிப் பாதி என் வயிற்றில்தான் இருக்கிறது, அது சமர்த்தாகக் கிடக்கிறது. சீ, வயிற்றுவலிக்காரியைப் போய்க் குறுக்கு விசாரணை செய்கிறேன். மிதி யசோதா. இருபுறமும் தேயிலை, நடுவே ஈரம் காயாத செம்மண், டயர் ஒட்டி ஒட்டி விடுபடுகிற சத்தம். ஆண்களை முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஊட்டி ரீத்தா, ஈரோட்டு டாக்டரம்மா, ஆயுதப்படைப் போலீஸ்காரப் பெண். என்னோடு நான்கு. ஸ்டார்ட் கோட்டில் துரைராஜ் சார் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பேனா நுனியால் எங்களை எண்ணினார், திருப்பி ஒருமுறை எண்ணினார். "நாலு பேர்தானுங்களே. அஞ்சு பேர் கோட்டத் தாண்டினாத்தான் பாயிண்ட்டு. தெரியுமுல்லங்க" என்றார். தெரியும். பெண்கள் பிரிவில் ஐந்து பேராவது கிளம்பினால்தான் அந்த ரேஸின் பாயிண்ட் சீசனில் சேரும்; நான்கு பேர் என்றால் ஓட்டலாம், ஜெயிக்கலாம், கைதட்டுவார்கள், பாயிண்ட் கிடையாது. சீசனில் ஐந்து ரேஸ், இது ஐந்தாவது. அக்கா என்னைவிட ஆறு பாயிண்ட் முன்னால் இருக்கிறாள். இன்று நான் முதலில் வந்தால், அவள் இரண்டாவதாக வந்தாலும், சாம்பியன் ஜெர்சி எனக்கு. பாயிண்ட் இல்லை என்றால் பழைய வரிசை அப்படியே நிற்கும், ஜெர்சி அவளுக்கு. இதெல்லாம் அவள் வயிற்றுக்கு எப்படித் தெரியும். வயிறு பாவம்.

ஏற்றம் இடப்பக்கம் திரும்புகிறது, திரும்பிய இடத்தில் செங்குத்து, முன்சக்கரம் தூக்கிக்கொள்ளப் பார்க்கிறது, மூக்கு ஹேண்டில்பாரில் படுகிற மாதிரிக் குனிந்து மிதிக்கிறேன். இந்த ஏற்றம் என்னுடையது. எந்த மலையிலும் அக்கா என்னை ஏற்றத்தில் ஜெயித்ததில்லை, இறக்கத்தில் நான் அவளை ஜெயித்ததில்லை. அவள் பாறையில் தண்ணீர் மாதிரி இறங்குவாள். எனக்கு பிரேக்கிலிருந்து விரல் பிரியாது. இங்கே முக்கால்வாசி ஏற்றம். போன ஞாயிற்றுக்கிழமை வந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இதே இடத்தில் வண்டியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, "இது உன் மல யசோ. எனக்கு இங்க சோலி இல்ல" என்றாள். என் இடுப்பைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, "ஜெர்சி ஒரே சைஸ்லதான் அடிப்பாங்க, உனக்கு லொடலொடன்னு இருக்கும். நம்ம டெய்லர்கிட்டக் குடுத்துப் பிடிச்சுக்கலாம்" என்றாள். அப்போது மனதில் என்ன நினைத்திருப்பாள். என்ன நினைத்திருப்பாள் என்று இப்போது எதற்கு. அவள் சரவணம்பட்டியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன், இரண்டு பேரும் முழங்கால் வலிக்காக ஒரே பிசியோதெரபி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார், வாங்கினோம், ஒரே வாய்க்காலில் ஒரே நாளில் விழுந்தோம். நான்கு வருடம். என் வீட்டுக்காரரிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறேன். பெரிய ரகசியம் எதையும் நான் அவள் காதில் போட்டதில்லை, எல்லாம் சாதாரண விஷயம்தான், மாமியார், பீரியட், வேலையில் முதலாளி பேசுகிற பேச்சு. ஆனாலும் சொன்னது அவளிடம்தான்.

காட்டுக்குள் நுழைந்தாயிற்று, சவுக்கு மரங்கள், வெயில் சட்டென்று அணைந்து குளிர் கழுத்தில் உட்காருகிறது. வேர்கள். வேரைப் பார்க்காதே, வேருக்கு அப்பால் பார், வேரைப் பார்த்தால் வேரில்தான் போவாய். கொல்லிமலையிலும் இப்படித்தான் வேர். கொல்லிமலையில் நான் வேர் வரைக்கும் போகவே இல்லை. அது மூன்றாவது ரேஸ், எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல், காரின் பின்சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன, பல் செட் செய்கிறவளுக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. ஜன்னல் வழியாக துரைராஜ் சார் எண்ணுகிறது கேட்டது. நாலு. அன்றும் நாலு. அக்கா அந்த மலையில் ஜெயிக்கப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், முழுக்க இறக்கம், அவளுக்கென்றே வெட்டின பாதை. பாயிண்ட் கிடைக்காது என்று தெரிந்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, என்னைக் கேட்கவே இல்லை. கேட்காததால்தான் எழுந்தேன். போர்வையை உதறிவிட்டு, ஷூவைக்கூடச் சரியாகப் பூட்டாமல், வண்டியைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வந்து நின்றேன். விசில் ஊதியதும் பத்தடி உருட்டினேன். முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது, பின்சக்கரம் தாண்டியது, அவ்வளவுதான், ஓரமாக இறங்கிப் புல்லில் படுத்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் இது வழக்கம். சுளுக்கோடு வந்து தாண்டுவார்கள், ஏழாம் மாத வயிற்றோடு ஒருத்தி பெடலில் கால் வைக்காமல் தள்ளிக்கொண்டே தாண்டியிருக்கிறாள். கோட்டைத் தாண்டினால் ஐந்து, ஐந்து என்றால் ஓட்டுகிறவளுக்கு பாயிண்ட். யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. அன்று அக்கா நாற்பது பாயிண்ட் வாங்கினாள். அந்த நாற்பதில்தான் இன்று எனக்கு ஆறு பாயிண்ட் முன்னால் நிற்கிறாள். புல்லில் என் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெயித்த மாலையை என் வயிற்றில் போட்டு, "லூசு. செத்துருந்தா உன் வீட்டுக்காரருக்கு நானா பதில் சொல்றது" என்றாள், அழுதாள். அழுதது நிஜம். அது நிஜம்தானே.

வேர் கடந்துவிட்டேன், எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. காடு முடிந்து பாறை இறக்கம், ஆளுயரம் ஒன்றுமில்லை, இடுப்புயரம்தான், ஆனால் மேலிருந்து பார்த்தால் அடி தெரியாது. எடையைப் பின்னால் தள்ளி, கண்ணை மூடாமல், மூடாமல், இறங்கிவிட்டேன். ஓடை, தெறிக்கிற தண்ணீர், தேயிலை ஃபேக்டரியின் பின்பக்கம், அதன் சிமெண்ட் களம். களத்தில் இரண்டு மூங்கில் கம்புக்கு நடுவே முப்பதடி, அங்கே மட்டும்தான் ஓட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், அதற்கு வெளியே ஒரு சொட்டு வாங்கினாலும் பெயரை அடித்துவிடுவார்கள். அங்கே நிற்கிறாள். சிவப்பு ஸ்வெட்டர், கழுத்து வரை ஜிப், நீட்டிய கையில் என் நீலப் பாட்டில். "யசோ, நீதான் முன்ன. இருவது செகண்டு இருக்கு. தண்ணி?" வண்டியிலேயே பாட்டில் இருக்கிறது, தலையாட்டினேன். "சரி, அடுத்த சுத்துல வாங்கிக்க" என்று என் கூடவே நாலு எட்டு ஓடி வந்தாள், டக் டக் டக் டக் என்று. நல்ல மனசு. வயிற்றுவலியோடு கூட ஓடி வருகிறாள். அதற்கப்புறம் ஃபினிஷ் கோடு, இரண்டாவது சுற்று, மறுபடியும் ஏற்றம்.

டக் டக். ஏற்றத்தின் முதல் திருப்பத்தில் அந்தச் சத்தம் வந்து மாட்டிக்கொண்டது, செயினில் குச்சி மாட்டிய மாதிரி. என்ன சத்தம் அது. செருப்புக்கு அந்தச் சத்தம் வராது. அக்கா எப்போதும் ரப்பர் செருப்புதான், பார்லரிலும் அதுதான், காரை ஓட்டுவதும் அதில்தான். சிமெண்டில் டக் டக் என்று கேட்பது ஒன்றே ஒன்று. ரேஸ் ஷூ. அடியில் பெடலைக் கவ்வுகிற இரும்புக் கொக்கி இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஆட்டுக்குட்டி தளத்தில் நடக்கிற மாதிரி இருக்கும், அதனால் யாரும் சும்மா போட்டுக்கொள்ள மாட்டார்கள், கோட்டுக்குப் போகும்முன் கடைசியாகப் போடுவதே அதைத்தான். கடைசியாக. ஹெல்மெட்டுக்கும் அப்புறம். அப்படியென்றால் ஸ்வெட்டருக்குள் ஜெர்சி இருக்கிறது. அதனால்தான் கழுத்து வரை ஜிப். அவள் வண்டி ஃபேக்டரிச் சுவரில் சாய்ந்திருந்ததே, அதில் பதினாலாம் நம்பர் அட்டை கட்டியிருந்தது, நான்கு மூலையிலும் கட்டியிருந்தது, நான்தானே பார்த்தேன், ஒரு மூலை லூசாக இருக்கிறதென்று நான்தானே இறுக்கிவிட்டேன். ரேஸ் ஓட்டத்தான் வந்திருக்கிறாள். ஏழே முக்கால் வரைக்கும் ஓட்டத்தான் இருந்திருக்கிறாள். ஏழே முக்காலுக்கு என்ன ஆனது. ஏழே முக்காலுக்குக் காலேஜ் பொண்ணு அஃப்ரீன் போன் செய்தாள். பரீட்சைத் தேதியை மாற்றிவிட்டார்கள் அக்கா, வர முடியவில்லை என்று. எனக்குத்தான் போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன், அக்கா பக்கத்தில் நின்று ஷூ பூட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், "பரவால்லக்கா, நம்ம ரெண்டு, ரீத்தா, டாக்டர், போலீஸ், அஞ்சு இருக்கு." நானே விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். என் விரலைப் பார்த்தாள். கட்டை விரல் அவள். அப்புறம் குனிந்து ஷூவை மறுபடியும் பூட்டினாள், பூட்டினதையே பூட்டினாள், நிமிரும்போது வயிற்றில் கை இருந்தது.

மூச்சு தப்பிவிட்டது. மூக்கால் இழுத்து வாயால் விடு. இல்லை, இருக்கலாம், ஷூ போட்ட பிறகு வலி வரக்கூடாது என்று சட்டமா. வலி வந்தால் ஓட்ட முடியாது, சரி, யார் ஓட்டச் சொன்னார்கள். பத்தடி. உருட்டினால் போதும். தள்ளினால் போதும். ஷூ காலில் இருக்கிறது, நம்பர் வண்டியில் இருக்கிறது, கோடு பத்தடியில் இருக்கிறது. நான் ஏன் கேட்கவில்லை. துரைராஜ் சார் எண்ணி முடித்ததும் விசிலுக்கு ஒரு நிமிடம் இருந்தது. "அக்கா, சும்மா தாண்டிட்டுப் போயிருங்க" என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. அவள் அப்போது மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், "மழ வராது" என்றாள் யாரிடமோ. நான் கேட்டிருந்தால் வந்திருப்பாள், அதற்காகத்தான் கேட்கவில்லை. கேட்டு வருவது என்றால் அது வேறு. ரீத்தாகூட அவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கே புரிந்துவிட்டது. நான்தான் வடையில் இருந்தேன்.

இரண்டாவது சுற்றின் கடைசியில் மறுபடியும் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர், நீட்டிய கை, நீலப் பாட்டில். என் பாட்டிலில் ஒரு மடக்குதான் மிச்சம். வாங்கவில்லை. கையை ஹேண்டிலிலிருந்து எடுக்கவே இல்லை. "யசோ, தண்ணி. ஏய், தண்ணி வாங்கீட்டுப் போ." டக் டக். "காஞ்சு போயிருவே கண்ணு." கண்ணாம். மூன்றாவது சுற்றில் வெயில் ஏறிவிட்டது, தேயிலைக்கு மேலே புகை மாதிரி ஆவி, நாக்கு மேலண்ணத்தில் லேபில் பல் அச்செடுக்கிற மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. வைராக்கியத்துக்குக் குறைச்சலில்லை, தண்ணீருக்குத்தான். என்னையே கேட்டுப் பார்க்கிறேன், உண்மையைச் சொல் யசோதா, கொல்லிமலையில் எதற்குக் கோட்டைத் தாண்டினாய். அவளுக்காகவா, இல்லை யசோதா மாதிரி யாருண்டு என்று நாலு பேர் சொல்லவா. கொஞ்சம் அதுவும்தான். அதனால் என்ன, காய்ச்சல் நிஜம், கோடு நிஜம், அவள் பாயிண்ட் நிஜம். நான் அவள் இடத்தில் இருந்தால். அவளுக்கு நாற்பத்தாறு வயது. அடுத்த வருடம் முழங்கால் விடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு இது கடைசி சீசன். அவள் வீட்டில் யாரும் அவளுக்கு எதையும் கொடுத்ததில்லை, புருஷன் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஒருநாள் அந்த ஆள் முன்னால் காபி கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. அக்கா, கேட்டிருந்தால் நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். இல்லை, மாட்டேன். மாட்டேன், எனக்கும் வேண்டும் அந்த ஜெர்சி, ஏழு மாதம் காலை நாலரைக்கு எழுந்திருக்கிறேன். ஜெயித்துவிட்டுக் கொடுத்திருப்பேனோ என்னவோ. ஜெயிக்க விட்டிருக்கலாம்.

பாறை. பாறையை மறந்துவிட்டேன். முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் பாறை நினைவு வந்தது, எடை முன்னால் இருக்கிறது, விரல் பிரேக்கைப் பிடிக்கிறது, பிடிக்கக்கூடாத இடத்தில் பிடிக்கிறது, வானம், ஒரு சவுக்கு மரத்தின் உச்சி, தோளில் மண். சத்தமே இல்லை. ஒரு பூச்சி மட்டும் எங்கோ ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. உடைந்ததா. கழுத்தெலும்பு உடைந்தால் கை தூக்க முடியாதாம், தூக்கினேன், தூக்க முடிந்தது. முழங்கையில் தோல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அழுகை வந்தது, விழுந்ததற்கு இல்லை. இறக்கத்தில் விழுந்தால் அக்கா சொல்வாள், "எந்திரி, வண்டிக்கு அடி பட்டுதான்னு பாரு, உனக்குத் தானா ஆறிக்கும்." எழுந்து வண்டியைப் பார்த்தேன். அவள் குரல் சொல்லித்தான் எழுந்தேன் என்பதுதான் பற்றிக்கொண்டு வந்தது, என் தலைக்குள்ளேயும் அவள்தான் இருக்கிறாள், அவளை எங்கே இறக்கிவிடுவது. ஹேண்டில் கொஞ்சம் கோணல். முழங்காலுக்கு நடுவே சக்கரத்தை இடுக்கித் திருப்பினேன். பின்னால் ரீத்தாவின் டயர் சத்தம் காட்டுக்குள் கேட்கிறது. பாயிண்ட் இல்லாத ரேஸ், எனக்கென்ன, அவளே ஜெயிக்கட்டும் என்று ஒரு நிமிடம் நின்றேன். நிற்கவில்லை, அரை நிமிடம்கூட நிற்கவில்லை, ஏறிவிட்டேன். மூன்றாவது முறையும் பாட்டிலை வாங்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. முழங்கையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ சாமி" என்றாள், அது மட்டும் காதில் விழுந்தது.

கடைசி ஏற்றத்தில் யோசனை நின்றுவிட்டது. தாகம்தான் இருந்தது, தாகத்துக்குப் பக்கத்தில் வேறெதுவும் உட்கார முடியாது. வேர், பாறை, இந்த முறை பாறையில் இறங்கி வண்டியைத் தூக்கிக்கொண்டே நடந்தேன், எனக்கு வெட்கமில்லை. ஓடைத் தண்ணீரைக் குடித்துவிடலாமா என்று தோன்றியது. களத்துக்கு வந்தபோது ரீத்தா தெரியவில்லை, நன்றாகப் பின்தங்கிவிட்டாள். ஃபினிஷுக்கு இன்னும் இருநூறடி. கடைசிச் சுற்றில் யாரும் பாட்டில் வாங்க மாட்டார்கள், கொடுப்பவர்களும் மூட்டை கட்டிவிடுவார்கள், அக்கா மட்டும் நிற்கிறாள், கையை நீட்டிக்கொண்டு. என் கால் தானாக நின்றது. பாட்டில் கொடுக்கிற இடத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள், நான்கு வருடத்தில் நான் நிறுத்தியதில்லை. காலைத் தரையில் ஊன்றினேன்.

"என்ன ஆச்சு, போ, போ யசோ, ரீத்தா வந்துருவா" என்றாள்.

"ஷூவையாவது கழட்டியிருக்கலாங்கக்கா" என்றேன்.

அவள் காலைப் பார்த்தாள். ஒன்றை இன்னொன்றுக்குப் பின்னால் மறைக்கிற மாதிரி நகர்த்தினாள், டக் என்றது. ஃபேக்டரியிலிருந்து தேயிலைத்தூள் வாசனை. பின்னால் ரீத்தாவின் டயர் ஓடையில் இறங்குகிறது.

"நீ விரல் விட்டு எண்ணுன பாரு. அப்பத்தான் தோணுச்சு" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னால சத்தியமா இல்ல. அப்புறம் கால் நகரவே இல்ல யசோ."

சொல்ல நிறைய இருந்தது, நூற்றிரண்டு காய்ச்சல், புல், மாலை, டெய்லர். நான் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வாங்கி வண்டியில் செருகிவிட்டு மிதித்தேன். கோட்டைத் தாண்டியதும் துரைராஜ் சார் கைதட்டினார், "பாயிண்ட்டு இல்லீங்க, தெரியுமுல்லங்க, பேரு மட்டும் முதல்ல எழுதிக்கறேன்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஃபேக்டரிச் சுவரோரம் பதினாலாம் நம்பர் வண்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மண் ஒட்டாத டயர், செயினில் புது எண்ணெய் பளபளத்தது. பாட்டிலைத் திறந்தேன். எலுமிச்சை, நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை இஞ்சி, உப்பு. உப்பு எனக்குக் கொஞ்சம் தூக்கலாக வேண்டும், வேறு யார் கலந்தாலும் குறைச்சலாகத்தான் இருக்கும். சரியாகப் போட்டிருந்தாள். தாகமாக இருந்தது, முழுவதையும் குடித்தேன்.